மஞ்சள் பூசிய வயிறு

நான் ஒரு மடையன். இதை நானே முதலில் சொல்லிவிட்டால் என் மனைவிக்கு ஒரு வேலை மிச்சம். எங்கள் நாயின் வயிற்றில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் வந்திருந்தன. எறும்புக் கடி என்று நானே தீர்ப்பு எழுதி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கழுத்திலிருந்து தொடை வரை பூசிவிட்டேன். முத்தியால்பேட்டையில் ஆண் நாய்க்கு மஞ்சள் நீராட்டு நடத்திய முதல் வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலையில் அதன் ஈறில் ரத்தம் கசிந்தது. அப்புறம்தான் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"புள்ளி எங்க?"

"மஞ்சளுக்கு அடியில, டாக்டர்."

அவர் ஈரப் பஞ்சை என் கையில் கொடுத்தார். துடைக்கத் துடைக்கப் புள்ளிகள். நடுநடுவே ஊதாத் திட்டுகள். விரலால் ஒன்றை அழுத்திப் பார்த்தார். சிவப்பு மறையவில்லை.

"கடி இல்ல. தோலுக்குள்ள ரத்தம் கசியுது. இதே கசிவு மூளையில வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பஞ்சை வைத்துவிட்டு நாயை மேஜையில் அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

சோதனைக்காக அதன் காலில் ரத்தம் எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொள்ளச் சொன்னார். நின்றதா என்று நான் எடுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினேன், மறுபடி எட்டிப் பார்த்தேன். "சார், அது என்ன, அடுப்புல வச்ச சோறா? மூடி வைங்க!" என்றார்.

ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் மிகக் குறைவு என்றது மெஷின். அவர் அதோடு விடவில்லை. பிளேட்லெட்டுகள் கட்டிக் கட்டியாக ஒட்டிக்கொண்டாலும் மெஷின் ஏமாந்துபோகுமாம். பூனை ரத்தத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகமாம். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கட்டி எதுவும் இல்லை. நிஜமாகவே குறைவுதான்.

அடுத்து உண்ணிக் காய்ச்சலா என்று சோதனை. இல்லை. வயிற்றில் கட்டியா என்று ஸ்கேன். இல்லை. அது இல்லை, இது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனார். "இதுதான்னு சொல்ல ஒரு டெஸ்ட் கூடவா கெடையாது?" என்று எரிச்சலோடு கேட்டேன். கிடையாதாம். வேறு காரணம் எதுவும் அகப்படாவிட்டால், நாயின் எதிர்ப்புச் சக்தியே அதன் பிளேட்லெட்டுகளை எதிரி என்று நினைத்து அழிக்கிறது என்று முடிவுக்கு வர வேண்டியதுதானாம். வீட்டிலும் ஒருவர் என்னை அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் அதற்கு மாத்திரை கிடையாது.

இதற்கு உண்டு: ஸ்டீராய்டு. எலும்பு கூடாது, குதிக்கக் கூடாது. முக்கியமாக, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது; நிறுத்தினால் கசிவு திரும்பிவிடுமாம்.

வீட்டுக்கு வந்தால், பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டுக்காரர் பப்பாளி இலையோடு மதில் மேல் எட்டிப் பார்த்தார். "முசியே, எனக்கு டெங்கு வந்தப்ப இந்தச் சாறுதான் தூக்கி நிறுத்துச்சி. ஊத்துங்க." ஊற்றினேன். நாய் அதை என் வேட்டியிலேயே திருப்பித் தந்தது. போனில் டாக்டரம்மா, "கொசுவாங்க கடிச்சிச்சி அத?" என்றார்.

அதன்பின் ஸ்டீராய்டு தன் வேலையைக் காட்டியது. நாய் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது. குடித்ததையெல்லாம் கூடத்தில் இறக்கியது. பசியோ பசி. வஞ்சிரக் குழம்புச் சட்டியைக் கவிழ்த்துத் தரையைத் துடைத்துவைத்தாற்போல் நக்கியது. என் செருப்பையும் சாப்பாட்டில் சேர்த்துக்கொண்டது. குதிக்கக் கூடாத நாய், சாப்பாட்டுத் தட்டின் சத்தம் கேட்டால் மட்டும் குதிரையானது. நான் துடைப்பமும் கையுமாக அலைந்தேன். "ஒரு நாயி மாத்திரை முழுங்குது, ஒரு மனுஷன் புலம்பல முழுங்க மாட்டேங்கிறாரு," என்றாள் மனைவி.

ஆனால் ஈறு சுத்தமானது. வயிற்றில் ஒரு புள்ளி இல்லை. பிளேட்லெட்டும் ஏறத் தொடங்கிவிட்டது என்று டாக்டரம்மாவே சொன்னார். எனக்குள் இருந்த வைத்தியர் மறுபடி எழுந்து உட்கார்ந்தார். கூடத்தை இன்னொரு முறை துடைத்துவிட்டு, ஈரக் கையோடு போன் போட்டேன்.

"டாக்டர், நாய் சூப்பரா இருக்கு. நான்தான் ஒடிஞ்சிட்டேன். இன்னியோட மாத்திரைய நிறுத்திடட்டுமா?"

"நிறுத்திட்டு, வேற நாய் பாத்துக்குங்க."