எந்தச் சாமிக்கு விரதம்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் தம்பி மகள், ஆடி வெள்ளிக்கு அம்மனுக்கு விரதம் இருக்கிறேன் என்று ஆரம்பித்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் பயம் வரவில்லை. பெருமைதான் வந்தது. சங்கராபுரத்தில் வயசுப்பெண் விரதம் இருந்தால் அந்தச் செய்தி வீட்டுக்குள் நிற்காது. அவள் அம்மா பால்காரரிடம் சொன்னாள், தையல்காரியிடம் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடமும் சொல்லியிருப்பாள். புரட்டாசியில் சனிக்கிழமை சேர்ந்தது. கார்த்திகையில் திங்கள். அப்புறம் சஷ்டி, கிருத்திகை.

“இன்னாடி, எல்லா சாமியும் உன் ஒருத்தி தலையிலதானா? ஊர்ல வேற ஆளே இல்லியா?” என்று கேட்டேன்.

“நீயும் இருந்து பாரு அத்த, உடம்பு லேசா இருக்கும்,” என்றாள்.

அன்றைக்கு அது எனக்கு வேதாந்தமாகத்தான் கேட்டது.

ஓய்வுபெறும்வரை பிள்ளைகளின் ஊட்டச்சத்துதான் என் வேலை. கல்வராயன் மலையில் ஜீப் போகிற ஊர், போகாத ஊர் எல்லாவற்றிலும் குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்திருக்கிறேன். புயத்தில் நிறக்கோடு போட்ட அளவு நாடாவைச் சுற்றி, சிவப்பு வந்தால் யாருக்கு எழுதுவது, மஞ்சள் வந்தால் எப்போது மறுபடி பார்ப்பது, தராசே இல்லையென்றால் அதை எந்தப் படிவத்தில் தெரிவிப்பது, எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த நாடா ஐந்து வயதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் பசித்தால் அது வேறு துறை. போதாததற்கு, எங்கள் பயிற்சியில் பசி என்றால் பானை காலி என்றுதான் அர்த்தம். பானை நிறையச் சோறு இருக்கிற வீட்டில் ஒரு பிள்ளை மெலிவதற்கு எனக்கு எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை.

முந்தின வருஷம் அவளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தது. உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று சொந்தக்காரிகள் முறைவைத்து ஊட்டினார்கள். பிறகு அவர்களே, “ஜாஸ்தியா சதை போட்டுட்ட, கம்மி பண்ணுடி,” என்றார்கள். தாய்மாமன், “மணையில ஏத்த கிரேன் கொண்டாங்கப்பா,” என்றார். பந்தலே சிரித்தது. அவளும் சிரித்தாள். வீடியோவில் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் அவள் செல்போனில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பின்னால்தான் கண்டேன்.

பொங்கல் கழிந்து, வெள்ளிமலையில் என்னோடு வேலை பார்த்த ஒருத்தி வீட்டில் காதுகுத்து. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவளும் என்னோடு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, சின்ன மேடு ஒன்றை ஏறுவதற்குள் அவள் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். உச்சி வெயில். கை ஜில்லென்று இருந்தது. நகங்கள் நீலமாக இருந்தன. நாடி பார்க்க முழுக்கைச் சட்டையை மேலே தள்ளினேன். குச்சிக் கையில் பூனைமுடி போல மெல்லிய மயிர் படர்ந்திருந்தது. ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வரும்வரை நான் மூச்சு விடவில்லை.

“வடையாவது ஒண்ணு துன்னுடி. எடுத்தாரச் சொல்றேன்.”

“இன்னிக்கு விரதம் அத்த.”

“பொதன்கெழம இன்னா விரதம்?”

“கிருத்திக.”

கிருத்திகை போன வாரமே முடிந்திருந்தது. எங்கள் வீட்டில் நாள்காட்டித் தாளைத் தினமும் கிழிப்பவள் நான்.

வீட்டுக்கு வந்து தம்பி மனைவியிடம் சொன்னேன். “வேண்டுதலாச்சே அண்ணி, நடுவுல வுட்டா சாமி குத்தம் ஆயிடாதா?” என்றாள். அதற்கும் முறை உண்டு. மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து படத்துக்கு முன்னால் வைத்து, இப்போது முடியவில்லை, பிறகு செலுத்துகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். கால நீட்டிப்புதான். கேள்வி கேட்காமல் அதைத் தருவது சாமி மட்டும். முடிந்து வைத்தோம். அவள் அம்மா தட்டில் இட்லி வைத்தாள்.

“சாமி காத்துக்கும்டி கண்ணு. நீ துன்னு.”

அவள் தட்டைத் தள்ளவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்க ஆரம்பித்தாள்.

“சாமிக்கு இல்லத்த. எந்த சாமிக்கும் வேண்டிக்கல. எனக்குப் பசிக்குது. வாயில வெச்சா குண்டாயிடுவேன்னு பயமா இருக்குது. நிறுத்தத் தெரியல எனக்கு.”

சாமி என்றால் பேசிப் பார்க்கலாம். இதனோடு யார் பேசுவது?

மறுநாள் காலை கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரம்மா அவள் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். உடனே படுக்கையில் சேர்க்கச் சொன்னார். கரும்பு வெட்டு உத்தரவுக்காக மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போயிருந்த தம்பி அங்கிருந்து நேராக வந்தான்.

“நாலு அறை வுட்டா துன்னுவா,” என்றான். சொல்லிக்கொண்டே அவள் காலில் போர்வையை இழுத்துவிட்டான்.

“அடிச்சா இன்னும் மறைப்பா. இது அடம் இல்லீங்க, நோய். இதயம் வரைக்கும் வந்திருக்கு,” என்றார் டாக்டரம்மா. “அதுக்காக திடீர்னு நிறைய ஊட்டிடாதீங்க, அதுவும் ஆபத்து. நாங்க சொல்ற அளவுல, மெதுவா. மனநல டாக்டரும் பார்ப்பாங்க. வீட்டுக்குப் போனா நேரத்துக்கு நேரம் எல்லாரும் கூட உட்கார்ந்து சாப்பிடணும். உடம்பைப் பத்திப் பேச்சே கூடாது. குண்டு, ஒல்லி, முகம் தெளிஞ்சிருக்கு, எதுவும்.”

“அப்புறம் எங்க சொந்தக்காரங்க என்னத்தைப் பேசுவாங்க?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “பிழைச்சுக்குவாளா?” என்று கேட்கத்தான் வாய் திறந்தேன். வந்தது அந்தக் கேலிதான்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று மதியம் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். சோறு, சாம்பார், அவித்த முட்டை. பார்க்க வந்தவர்களைத் தம்பி மனைவி வாசலிலேயே பேசித் திருப்பி அனுப்பியிருந்தாள்.

“அத்த, வயிறு பெருசாயிடுச்சா எனக்கு?”

ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. “நான் பக்கத்துலதான் இருக்கேன்,” என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

கவளத்தைக் கையில் எடுத்தாள். சாம்பார் விரல் வழியாக ஒழுகியது. தம்பி மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

“என்னியே பாக்காதீங்க. நீங்க சாப்புடுங்கப்பா.”

மூவரும் தலையைக் குனிந்துகொண்டோம். விழுங்குகிற சத்தம் கேட்டது. அவளுடையதா, தம்பியுடையதா தெரியவில்லை. நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.