கல்லீரலில் கலந்த கள்

போன வருடம், மழை விட்டும் விடாமலும் விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்த ஒரு செப்டம்பர் சனிக்கிழமை. செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஸ்கேன் சென்டர். கொஞ்ச நாளாக எனக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். யாரோ என் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போன மாதிரி. சிறுநீரகக் கல்லாகத்தான் இருக்கும் என்று ஆபீசில் ஏகமனதாக முடிவு செய்து அனுப்பி வைத்தார்கள்.

வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி, கருவியால் உழுது பார்த்துவிட்டு, கல் இல்லை என்றார்கள். சந்தோஷப்பட வாயைத் திறப்பதற்குள், கல்லீரலில் கொழுப்பு என்றார்கள். கல்லைத் தேடிப் போனவன் கல்லீரலோடு திரும்பினேன்.

ஸ்கேன் எடுத்தவர் அதை இந்தியில்தான் சொன்னார். "லிவர் பே சர்பி சட் கயீ ஹை." இந்த ஊரில் ரயிலில் தோள் இடித்துச் சண்டை வந்தால் முதலில் வருகிற வார்த்தை அந்த சர்பிதான். 'கொழுப்பு ஏறிப்போச்சா உனக்கு?' தமிழிலும் அதேதான். இரண்டு மொழிக்காரர்களும் இத்தனை வருடமாக என்னைப் பார்த்துச் சொன்னதை என் உடம்பு நிஜமென்று எடுத்துக்கொண்டு, ஓரிடத்தில் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறது.

ரயிலில் ஏறி, செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். போனை எடுத்துத் தேடினேன். செம்பூரில் ஏறும்போது வெறும் கொழுப்பு. திலக் நகரில் அது வீக்கமாயிற்று. குர்லா வருவதற்குள் ஈரல் இறுகித் தழும்பேறிவிட்டது. சுனாபட்டியில் நான் இறங்கும்போது என்னில் எதுவும் மிச்சமில்லை. இன்னும் ஒரு ஸ்டேஷன் போயிருந்தால் அடக்க ஆராதனையே முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தழுதழுத்த குரலில் விஷயத்தைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஒங்களுக்குக் கொழுப்புன்னு கல்யாணமான அன்னைக்கே எனக்குத் தெரியும். இதுக்குப் போயி ஸ்கேன் எடுத்தியளாக்கும்."

ஆனால் கீரைக் கட்டு பாதியில் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தக் காகிதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, சபையின் ஜெபக் குழு வாட்ஸ்அப்பில் அப்பாவுக்காக ஜெபிக்கச் சொல்லி ஒரு குறிப்புப் போடச் சொன்னாள்.

மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். விக்ரோலியில் ஒரு ஆபீசில் வேலை. வீட்டில் நெல்லைத் தமிழ், ரயிலில் இந்தி, சம்பளத்துக்கு ஆங்கிலம். தமிழ் வாசிப்பது மட்டும் பெயர்ந்துபோன படியில் இறங்குகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகக் கால் வைத்து. ஆங்கில எழுத்தில் தட்டினால் போனே தமிழாக்கித் தருகிறதே, அதை நம்பி அம்மா சொல்லச் சொல்ல அடித்தாள். போன் நீட்டியதில் முதல் வார்த்தையைத் தொட்டாள். அனுப்பிவிட்டாள்.

குறிப்பு இப்படிப் போயிற்று: 'என் அப்பாவுக்கு கள்ளீரல் ப்ராப்ளம். கொழுப்பு அடங்க எல்லோரும் ஜெபிக்கவும்.'

கல்லுக்கு உரிய ல இருக்க வேண்டிய இடத்தில், பனையிலிருந்து இறக்குகிற கள்ளின் ள சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அதை அப்போது எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் ஆமென், ஆமென் என்று போனில் பெய்த மழையைத்தான். கூப்பிய கைகள், கண்ணீர்ப் பொம்மைகள். இத்தனை பேருக்கு என் மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஞாயிறு. தாராவியில் எங்கள் சபை. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வருடா வருடம் மது ஒழிப்பு ஞாயிறு அன்று அந்தச் சபையில் குடிக்கு எதிராகக் கவிதை வாசிக்கிற ஆள் நான்தான். புட்டியின் கழுத்தைப் பிடித்து உலுக்குகிற மாதிரியான வசனகவிதை. வாசித்து முடித்தால் பின்வரிசையில் யாராவது மூக்கைச் சிந்துவார்கள். நானோ இருமல் மருந்தைக்கூட லேபிள் பார்த்துக் குடிக்கிறவன்.

அன்றைக்குக் கை கொடுத்தவர்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் கையை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் கட்டிப்பிடித்தார்; பிடித்தவர் மெல்ல மோந்தும் பார்த்தார். பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவில் நிறுத்தி, என் பக்கம் பார்த்து, "இன்னும் காலம் கடந்துவிடவில்லை" என்றார். ஈரலைத்தான் சொல்கிறார் என்று நான் நன்றியோடு பலமாகத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைச் சபை முழுக்கப் பார்த்தது.

வெளியே வந்ததும் ஒரு அம்மா என் மனைவியின் கன்னத்தைத் தடவி, இத்தனை வருஷம் எப்படிம்மா வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொண்டாய் என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், அந்தக் கவிதையை அனுபவம் இல்லாமல் எழுத முடியாதென்று அப்போதே தனக்குத் தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். என் எழுத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. அனுபவிக்கத்தான் முடியவில்லை.

அப்புறம்தான் வாசலில் நின்றபடி குறிப்பை எழுத்துக் கூட்டி வாசித்தோம். மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. மகள் போனை வாங்கி உற்றுப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே சவுண்டுதான? இதுல என்னம்மா ஃபரக்?"

என்ன ஃபரக், என்ன வித்தியாசம் என்பது மத்தியானம் வீட்டுக்கே வந்தது. என்னைக் குடியிலிருந்து மீட்க ஒரு கூட்டம், வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. மஸ்கோத் அல்வா, கேக், மாதுளை ஜூஸ், தெம்புக்குக் குளுக்கோஸ். ஒருவர் ஈரலுக்கு ஈரல்தான் மருந்து என்று ஆட்டு ஈரல் வறுவலே கொண்டு வந்திருந்தார், மேலே எண்ணெய் மினுங்க. நான் குடிப்பதே இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் இரக்கம் கூடியது. குடிக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம் அதுதானாம். கோபத்தில் என் குரல் உயர்ந்தது. பாவம், கை நடுங்குகிறது பார் என்று ஒருவர் மற்றவரிடம் மெதுவாகச் சொன்னார்.

திங்கட்கிழமை சாயங்காலம் திருத்தம் எழுத உட்கார்ந்தேன். மனைவிக்கு அது அன்றே போயாக வேண்டும். சபைப் பெண்கள் முன்னால் அவள் தலை குனிந்து நடந்ததே இல்லை. இனியும் நடக்க மாட்டாள். எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். கல்லுக்கும் கள்ளுக்கும் நடுவே நாக்கு மடிகிற தூரம் என்று ஒரு வரி விழுந்தது. எனக்கு அது பிடித்துப்போயிற்று. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மனைவி, "வெளக்கம் போடுங்கன்னா வசனம் எழுதுதிய" என்றாள். சரி என்று சாதாரணமாக எழுதி முடித்து, அனுப்புவதற்குக் கட்டைவிரலைத் தூக்கினேன். அப்போது கதவு தட்டப்பட்டது.

சபையில் எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்காருகிறவர். தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை. எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான், என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவர். யாரோடும் அதிகம் பேசமாட்டார். எப்போதும் வாயில் கிராம்பு. பல்வலிக்காரர் போலிருக்கிறது என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கிராம்பு வாசனைக்குப் பின்னால் இன்னொரு வாசனை மெதுவாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, ஒம்ம விஷயத்த குரூப்ல பாத்தேன்."

நான் பெருமூச்சு விட்டு, அது வந்து ஒரு எழுத்துப்பிழை என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"எனக்கும் அதான். கண்ணு மஞ்சளிச்சிருக்குன்னு பட்டறையில சொல்லுதாங்க. காலு வீங்குது. வீட்டுல யாருக்கும் சொல்லல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஒத்தையில ஆஸ்பத்திரி வாசல மிதிக்க பயமா இருக்கு. நீரு எம்புட்டு மரியாதையான ஆளு. கவிதையெல்லாம் வாசிச்சவரு, மகளையே விட்டு குரூப்புல போடச் சொல்லிட்டீரே. அந்த தைரியம் எனக்கு வரல. நீரு டாக்டர்ட்ட போவும்போது நானும் கூட வரட்டா?"

என் கையில் போன். அதில் என் மானம், கொஞ்சமும் பிழையில்லாமல், ஒரு விரல் தூரத்தில். அதை அனுப்பினால் நான் சுத்தம். ஆனால் இவர் மறுபடி ஒற்றை ஆள். நாளைக்கு இவர் போனில் அது போய் விழும். படித்துவிட்டு, ஒரு நல்லவனிடம் போய் உளறிவிட்டோமே என்று கூசிப்போய், கிராம்பை மென்றபடி இன்னும் பின்வரிசைக்குப் போய்விடுவார். இவர் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள்தான். ட்யூப்லைட்டின் கீழேயே தெரிந்தது.

"நாளைக்கு சாயந்தரம் சயான்ல டாக்டரு. நேரே வீட்டுக்கு வந்துரும்" என்றேன்.

அவர் படியிறங்கிப் போன பிறகு மனைவி வெளியே வந்தாள். போனை என் கையிலிருந்து வாங்கி, திரையை அணைத்து, அலமாரி மேல் வைத்தாள்.

"அவரு தேறுத வரைக்கும் நீங்க குடிகாரராவே இருங்க."

டாக்டர் ஒரு மராத்தி அம்மா. தனியாகப் போகமாட்டேன் என்று பட்டறைக்காரர் என் சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றதால், எங்கள் இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார். என் ஸ்கேனைப் பார்த்ததும் முதல் கேள்வி, குடிப்பீர்களா என்று. பக்கத்து நாற்காலியில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊருக்குப் பொய்யனாக இருக்கலாம், வைத்தியரிடம் இருக்கக்கூடாது. "நஹீ" என்றேன். போச்சு என்று நினைத்தேன்.

டாக்டர் நம்பினார். குடிக்காதவர்களுக்கும் இது நிறைய வருகிறது என்றார். அவர் விளக்கியதை நான் என் தொழிலில் வைத்துப் புரிந்துகொண்டேன். எனக்கு ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் புக்கிங் வேலை. ஈரல் ஒரு குடோன். சர்க்கரையும் சோறும் வடாபாவும் லோடு லோடாக இறங்குகின்றன. நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறவன் உடம்பில் டெலிவரி எடுக்க ஆள் வருவதில்லை. எடுக்காத சரக்கு கொழுப்பாக அடுக்கப்படுகிறது. ஆரம்பக் கட்டம் என்பதால் குடோனைக் காலி செய்துவிட முடியும். தினமும் வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும். எடையை அவசரப்படாமல் குறைக்க வேண்டும். டீயில் சர்க்கரையும் பாட்டில் ஜூஸும் கூடாது, சோறு பாதி. ரத்தத்தில் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் பார்க்க வேண்டும். ஈரல் இறுகியிருக்கிறதா என்று இன்னொரு சோதனை. யாரோ சொன்னார்கள் என்று எந்தப் பொடியையும் கஷாயத்தையும் விழுங்கக்கூடாது. ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். மஸ்கோத் அல்வாவை எண்ணி நான் மௌனமாக அஞ்சலி செலுத்தினேன்.

அடுத்து பட்டறைக்காரரிடம் திரும்பி அதே கேள்வி. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, "பீதா ஹூன். ரோஜ்" என்றார். தினமும் குடிக்கிறேன் என்று. சொன்னதும் தோள் இரண்டும் இறங்கின, தூக்கி வந்த மூட்டையை வைத்த மாதிரி. டாக்டர் திட்டவில்லை. நீங்களாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது, அது ஆபத்து, மருந்தோடு என் கண் முன்னால் நிறுத்துவோம் என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைகளை எழுதினார். ஒவ்வொரு முறையும் இவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று என்னைக் காட்டினார்.

வெளியே மழை. ஒரே குடையில் ஸ்டேஷனுக்கு நடந்தோம். விஷயம் தெரிந்துவிட்டதே, என்ன சொல்வாரோ என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் அவரே பேசினார், ரொம்ப மெதுவாக, எனக்கு வலிக்கக்கூடாது என்பது போல.

"டாக்டரம்மாட்ட அப்பிடிப் பொய் சொல்லிட்டீரே அண்ணாச்சி. ரெண்டு பேரும் பொய் சொன்னா அந்தம்மா யாருக்கு மருந்து குடுக்கும்? அதான் நானாவது உண்மையச் சொல்லிருவோம்னு சொல்லிட்டேன்."

நான் குடையை அவர் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்.

இப்போது தினமும் காலையில் சயான் பக்கத்து மைதானத்தில் சேர்ந்தே நடக்கிறோம். எனக்குக் கால் முந்தும். அவருக்கு மூச்சு வாங்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு வேகத்தைக் கண்டுபிடித்திருக்கிறோம். என் பேண்ட் இடுப்பில் வழுக்குகிறது. ஆறு மாத ஸ்கேனில் கொழுப்பு குறைந்திருந்தது. மனைவி அதை முழுமையாக நம்பவில்லை. அவர் கண்ணில் மஞ்சள் போய் வெளுத்துவிட்டது, கிராம்பு போய்விட்டது, வீட்டில் அவரே சொல்லிவிட்டார். டாக்டர் சொன்ன தேதி தவறுவதில்லை. சபையின் அசன விருந்தில் என் இலைக்கு இரண்டாம் முறை சோறு வந்தால் குறுக்கே கையை நீட்டித் தடுக்கிறவர் அவர்தான். தடுத்துவிட்டுப் பரிமாறுகிறவரிடம், "இவரு நிறுத்திட்டாரு. ஒத்துக்கிடத்தான் மாட்டேங்காரு, அதுவும் ஒருநா வரும்" என்கிறார். மனைவி தலையைக் குனிந்துகொள்கிறாள், சிரிப்பை மறைக்கத்தான்.

இந்தப் பக்கத்தை அவர் படித்துவிட்டால் என்ன செய்வாய் என்று மகள் கேட்டாள். படித்தாலும் நம்பமாட்டார். அச்சில் வந்தும் அண்ணாச்சி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையே என்று எனக்காக இன்னும் கொஞ்சம் உருக்கமாக ஜெபிப்பார்.

அந்தத் திருத்தம் இன்னும் அனுப்பப்படாமல் என் போனில் கிடக்கிறது. இப்போதெல்லாம் எங்கே எழுத்துப்பிழையைப் பார்த்தாலும் நான் உடனே திருத்தப் பாய்வதில்லை; அதன் கதவைத் தட்டிக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்க்கிறேன்.