காலின்னா காலிதானே!

“ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம். என் கையில மாட்டின எந்தச் சொல்லும் ரெண்டு பக்கமும் பேசினதில்ல!” என்று விடுதி வரவேற்பறையின் நடுவில் நின்று, பேனா மூடியால் காதைக் குடைந்தபடி அறிவித்தார் கேள்விக்குறி.

முதுகின் வளைவைப் பார்த்து வைத்த பட்டப்பெயர்தான். உத்தியோகத்துக்கும் பொருந்திவிட்டது. ஒரு சின்ன விடுதிக்கு அறை முன்பதிவு செய்யும் கணினி நிரல் வேண்டுமென்றால், அது என்னென்ன செய்ய வேண்டும் என்று விடுதிக்காரர்களைக் குடைந்து கேட்டு எழுதிக் கொடுப்பவர் அவர். நிரல் எழுதும் பிள்ளைகள் அதைப் பார்த்துச் செய்வார்கள். காது குடைவதை ஒரு பயிற்சி என்றே கொள்ள வேண்டும்.

இதற்கு முன் அவர் எழுதிக் கொடுத்த இரண்டு வேலைகள் “நாங்க கேட்டது இது இல்லீங்க” என்ற பாராட்டுடன் திரும்பி வந்திருந்தன. இந்த விடுதியின் முதலாளியம்மாவும் கையெழுத்துப் போடாவிட்டால் அவருடைய நாற்காலி காலி என்று அவருடைய நிறுவன மேலாளர் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

வீட்டிலும் உத்தியோகம் ஓயாது. “உப்பு கொஞ்சம் கம்மின்னார். கொஞ்சம்னா எவ்வளவுன்னு நான் திருப்பிக் கேட்டேன். அன்னிக்குப் பூரா என்னையே பெருமையாப் பாத்துக்கிட்டிருந்தார், உப்பை மறந்துட்டார்” என்கிறார் அவருடைய மனைவி.

அவருக்கு ஆகாத ஒரே சங்கதி தலையாட்டல். வரவேற்பு மேசையில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருக்கும் சாவி அண்ணனோ, எதைக் கேட்டாலும் ஓயப்போகிற பம்பரம் மாதிரி தலையை ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்துவார்.

“வாயால சொல்லுங்கண்ணே. இது ஆமாவா, இல்லையா?”

“அதான் ஆட்டினேனே சார்.”

“சரி விடுங்க. ரூம்ல ஆள் இல்லைன்னா என்ன சொல்வீங்க?”

“காலின்னு சொல்வேன்.”

“வேற எதாவது சொல்வீங்களா?”

“காலின்னா காலிதானே சார்!”

கேள்விக்குறிக்குப் புல்லரித்துவிட்டது. இப்படியொரு தெளிவான மனிதரை அவர் தொழிலில் கண்டதில்லை. அறைக்கு ஒரு பொத்தான், அதன் பெயர் ‘காலி’, அழுத்தினால் பச்சை விளக்கு, பச்சை என்றால் கேட்பவருக்கு அறையைக் கொடுக்கலாம் என்று மளமளவென்று எழுதித் தள்ளினார்.

வெள்ளோட்டம் தொடங்கிய வாரத்தில் ஊரில் ஏதோ மாநாடு. ஒரே மாலையில் எல்லா அறைகளும் போய்விட்டன. மறுநாள் காலை, பச்சை விளக்கை நம்பி நிரலே அறை ஒதுக்கிக் கொடுத்த ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு வந்து ஐந்தாம் அறைக் கதவைத் தள்ளித் திறந்தது. உள்ளே முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர் சவரம் செய்துகொண்டிருந்தார். “யாருங்க நீங்க?” என்று இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் கேட்டன. பக்கத்து அறையிலும் அதே கேள்வி எழுந்தது. தகவல் போய், கேள்விக்குறி ஓடி வந்தார்.

“எல்லா ரூமுக்கும் ஏண்ணே காலின்னு அழுத்தினீங்க?”

“எல்லாம் காலி ஆயிடுச்சே சார்! சந்தோஷத்துல அழுத்தினேன்.”

“காலின்னா உள்ள ஆள் இல்லைதானே?”

“ஆள் வராம எப்படி சார் காலி ஆகும்?”

கேள்விக்குறி வாயைத் திறந்தார். அதற்குள் மாடியிலிருந்து துடைப்பத்தோடு ஒரு குரல்: “அண்ணே, மூணாம் நம்பர் காலி பண்ணிட்டாங்க! நான் இன்னும் பெருக்கல, யாருக்கும் குடுத்துடாதீங்க!”

முதலாளியம்மா மெதுவாக வந்தார். “சார், சாயந்திரத்துக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா நீங்க காலி.”

எந்தக் காலி என்று கேட்க அவருக்கு நாக்கு துடித்தது. முதலாளியம்மாவின் பார்வை அதை அடக்கியது.

சாயந்திரம் வரை மேசையின் ஒரு பக்கம் கேள்விக்குறியும் மறுபக்கம் சாவி அண்ணனும் தமிழை அடியோடு சுத்தம் செய்தார்கள். ‘காலி’யை அடித்துவிட்டு ‘இருக்கு’ என்று போட்டார் கேள்விக்குறி.

“ரூம் இருக்கா, ரூம்ல ஆள் இருக்கா சார்?” என்றார் சாவி அண்ணன்.

‘போட்டாச்சு’ என்று மாற்றினார்.

“ரூம் போட்டாச்சா, பூட்டுப் போட்டாச்சா?”

‘விட்டாச்சு’ என்றார் கடைசியாக.

“வாடகைக்கு விட்டாச்சா, ஆள் விட்டுட்டுப் போயாச்சா?” சாவி அண்ணன் குறும்பாகக் கேட்கவில்லை. அவருக்கும் உண்மையிலேயே தலை சுற்றியது. காலை வரை தனக்குத் தமிழ் தெரியும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

விளக்குப் போடும் நேரத்தில் முதலாளியம்மா வந்து, அடித்தல் திருத்தல்களோடு கிடந்த தாளைத் தன் பக்கம் திருப்பினார். பேனா மூடியைக் கழற்றினார்.

“உங்களை நம்பித்தான் போடறேன். இனிமே ரெண்டு அர்த்தம் வராதுல்ல?”

கேள்விக்குறி தாளைப் பார்த்தார். சாவி அண்ணனைப் பார்த்தார். பிறகு வாயைத் திறக்காமல், ஓயப்போகிற பம்பரம் மாதிரி தலையை ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினார்.