மான் எலும்பும் செல்வராஜும்

குகையிலிருந்து எடுத்த எலும்பில் மண்ணைத் தட்டினால் ஈரச் சாக்கு வாசனை அடிக்கும். எழுபதுகளின் நடுவில், லுணுகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோர் முழுக்க அந்த வாசனைதான்...

கொழும்பு கேம்பஸிலிருந்து, பழைய எலும்புகளை ஆராயும் டொக்டர் ஒருவர் வந்திருந்தார். எப்போதோ அழிந்துபோன மான் இனம் ஒன்றில் எது ஆண், எது பெண் என்று எலும்பை அளந்தே கண்டுபிடிக்கப் பார்த்தார். இன்றைய மரைமானில் ஆண் எலும்பு பெரிது, பெண் எலும்பு சிறிது. அதே கணக்கு.

எலும்பைப் பிடிக்க நான். அளவை எழுத செல்வராஜ். இருவருக்கும் இருபது வயது. அவன் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரய்யா மகன், பதுளையில் இங்கிலீஷ் படித்தவன். நான் தோட்டத்துச் சலவைக்காரர் மகன், ஐந்தாம் வகுப்பு.

எங்களில் ஒருவரைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் வேலை தருவதாக டொக்டர் முதல் நாளே சொன்னாராம். அதையும் செல்வராஜ்தான் எனக்குத் தமிழில் சொன்னான். அன்றிலிருந்து அவன் சட்டைப்பைப் பேனாவைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் சின்னக் கால் எலும்பு ஒன்றை அளந்து, டொக்டர் பெண் பக்கம் வைத்தார்.

"இத பொட்டன்னு சொல்ல முடியாதுடா. இது குட்டி. கெடாவாக்கூட இருக்கலாம். முனை இன்னும் ஒட்டவே இல்ல பாரு," என்றேன் செல்வராஜிடம்.

"பேசாம புடிடா. அவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?"

தெரியும். திருவிழாவில் வெட்டும் ஆட்டில் தொடைக்கறி பெரிய வீடுகளுக்குப் போகும். எங்களுக்குத் தலையும் காலும். இளம் ஆட்டுக்கால் வெந்தால் எலும்பின் முனை தனியே கழன்றுவிடும். கிழட்டு ஆட்டில் கழலாது. ஆட்டுக்காலைத் தின்றே வளர்ந்தவனுக்கு இதைப் படித்தா தெரியவேண்டும்?

அரை மணி நேரம் கழித்து செல்வராஜ் எழுந்தான். அந்த எலும்பின் முனையைத் தொட்டுக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னான். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அவன் முதுகில் தட்டினார்...

அடுத்த வாரம் கொழும்புக்குப் போக அவன் டொக்டரின் ஜீப்பில் ஏறும்போது கேட்டேன்.

"அத சொன்னது நாந்தானேடா?"

"நீ எங்கிட்ட சொன்ன. அவருகிட்ட சொன்னது நான்."

இப்போது எலும்புத் தூளை மெஷினில் போட்டே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுகிறார்களாம். எங்கள் லயத்து வீட்டுப் பிள்ளைகளும் கேம்பஸ் போகிறார்கள், டொக்டர்களிடம் நேரே பேசுகிறார்கள். சந்தோஷம்தான்.

செல்வராஜ் பெரிய உத்தியோகம் பார்த்து பென்ஷன் வாங்குகிறான். தீபாவளிக்குத் தீபாவளி போன் பண்ணி என் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரிப்பான். அந்த ஒரு நாளைத் தவிர அவனிடம் வேறு குற்றம் கிடைக்குமா என்று நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தேடுகிறேன்...

ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.