சிட்டு வாங்கி வந்த சர்ட்டிபிகேட்

சிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் உனக்குத்தான் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு வந்த பேரன் அடுப்பை அணைத்தான். எனக்குத் தெரிந்துவிட்டது.

உங்களுக்கெல்லாம் சிட்டு பெரிய டீச்சர். எனக்கு நாத்தனார், என் வீட்டுக்காரருடைய தங்கை. பள்ளிக்கூடத்து நினைவு மலரில் போட வேண்டும், நாலு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டு வந்தார்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். அவள் படித்த கதையை நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். அந்தப் படிப்பு என்னால் கெட இருந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் போன புதுசு. திருமங்கலத்துக்கு நடந்தே போய் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து முடித்திருந்தாள். மதுரைக் காலேஜில் இடம் கொடுத்துவிட்டார்கள். மானாவாரிப் பருத்தியை நம்பியிருந்த எங்களால் சம்பளம் கட்ட முடியுமா? சர்க்கார் உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போட்டாள். ஏழைக் குடும்பம்தான் என்று தாசில்தார் சர்ட்டிபிகேட் கொடுத்தால்தான் அது கிடைக்கும். அதற்கு முன்னால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டைப் பார்த்து எழுத வேண்டும்.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தலையாரி காலையில் வந்து சொன்னபோது சிட்டு பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வாங்கப் போயிருந்தாள். அவள் அண்ணன் பருத்திக் காட்டில். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் வாசலுக்கு ஒரு ஆபீசர் வருவது அதுதான் முதல் தடவை. மேலவீட்டிலிருந்து கை வைத்த நாற்காலி தூக்கி வந்தேன். வெள்ளித் தம்ளர் ஒரு வீட்டில், வெண்கலப் பானை ஒரு வீட்டில் வாங்கினேன். “வெறுங்கழுத்தோடயா ஆபீசர் முன்னாடி நிப்ப?” என்று மேலவீட்டு அக்கா தன் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டாள். முட்டையிடுகிற கோழியை அடித்துக் குழம்பு வைத்தேன்.

அவர் நன்றாகச் சாப்பிட்டார். “கஷ்டம் ஏதும் உண்டாம்மா?” என்று கேட்டார். வந்த மனிதரிடம் பஞ்சப்பாட்டுப் பாடுவதா? “எங்களுக்கு என்னங்கய்யா குறைச்சல்” என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் சிட்டு வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள்.

“மதினி, இது யாரு சங்கிலி?”

நடந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்து உட்கார்ந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

“ஏழைன்னு எழுத வந்தவருக்குக் கோழி அடிச்சுப் போட்டீகளே மதினி!”

“வந்த மனுசனுக்குக் கஞ்சியவா ஊத்தச் சொல்ற?”

“அதைத்தான் ஊத்தியிருக்கணும்.” சிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு விளங்கியது.

என் வீட்டுக்காரர் வந்து கேட்டதும் கையை ஓங்கினார். சிட்டு நடுவில் வந்து நின்றாள். “அண்ணே, மதினி மேல கை வச்சா நான் காலேஜுக்கே போகல. இங்கேயே பருத்தி எடுக்குறேன்.”

மறுநாள் அவர் துணைக்குக் கிளம்பினார். “வேணாண்ணே, நானே போயிட்டு வாரேன்” என்று தனியாகத் தாலுகா ஆபீசுக்குப் போனாள். அதுவரை எந்த ஆபீஸ் படியும் ஏறாத பிள்ளை. பொழுது சாயும்போது கையில் சர்ட்டிபிகேட்டோடு வந்தாள். சீல் போட்டிருந்தது. அவள் நெற்றியில் புழுதி ஒட்டியிருந்தது. பஸ்ஸில் பட்டது என்றாள்.

“என்னடி சொன்ன?”

“சொன்னேன், கேட்டாரு. சோத்தப் போடுங்க மதினி, அம்புட்டுப் பசி.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. டீச்சரான பிறகு ஒவ்வொரு வருஷமும் ஏழைப் பிள்ளைகளுக்கு அவளே மனு எழுதினாள். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று அந்தந்த வீட்டுக்குப் போய்விடுவாள். “இருக்கிறதை மட்டும் காட்டுங்க. இல்லாததை எரவல் வாங்கி வைக்காதீங்க” என்பாள். எதனால் சொல்கிறாள் என்று ஒரு வீட்டிலும் சொன்னதில்லை. என் பெயரை ஒரு இடத்திலும் எடுத்ததில்லை.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். இன்றைக்கு யார் வந்தாலும் பானையில் இருப்பதைப் போடுகிறேன். கூசுவதில்லை.

சிட்டு, ஆஸ்பத்திரியில் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ தூங்கினாய், எழுப்ப மனசு வரவில்லை. என் மதினி ஒரு கிறுக்கி, ஒன்றும் தெரியாதவள் என்று சொல்லி அந்தச் சர்ட்டிபிகேட்டை வாங்கியிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். நெற்றியில் இருந்த அந்தப் புழுதியை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. என்னைக் குறை சொல்ல மனசில்லாமல் தாசில்தார் காலில் விழுந்தாயா, சிட்டு?