ஷாகிதா எழுதிய ரயில் பயணம்

இன்று முழுக்க ஒன்பதாம் வகுப்பு ஆங்கில விடைத்தாள் திருத்தினேன். கழுத்து விட்டுப் போயிற்று.

கடலுக்கு அந்தப்பக்கம், மெயின்லேண்டில் தயாரித்த வினாத்தாள். ‘உன் ரயில் பயணத்தைப் பற்றிப் பள்ளி மலருக்கு ஒரு கட்டுரை எழுது’ என்று கேட்டிருக்கிறார்கள். ரயிலையே பார்க்காத எங்கள் தீவுப் பிள்ளைகள், நோட்ஸில் இருந்ததை ஒரே மாதிரி எழுதிவிட்டார்கள்.

ஷாகிதா மட்டும் சொந்தமாக எழுதியிருக்கிறாள். அவளுடைய ரயில் புயலுக்குப் பயந்து இரண்டு நாள் கிளம்பவில்லை. கிளம்பியதும் கீழ்த்தளத்துப் பங்க் கிளாஸில் எல்லாரும் வாந்தி எடுக்கிறார்கள். நான்காம் நாள் காலையில் கரை தெரிகிறது.

பக்கத்து மேஜையிலிருந்த சீனியர் சார் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“கப்பலுக்குச் சக்கரம் மாட்டி விட்டிருக்காம்மா. சைபர் போடுங்க.”

சைபர் போட்டால் அவள் பெயில். பெயிலானால் படிப்பை நிறுத்தி நிக்காஹ் முடித்துவிடுவதாக அவள் அத்தா, அபர்தீன் பஜாரில் தன் கடையில் வைத்து என்னிடமே சொல்லியிருக்கிறார்.

எனக்கு எதிர்த்துப் பேச வராது. மெதுவாக, “இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்கு சார்,” என்றேன்.

“இங்கிலீஷ் டீக் ஹைம்மா, சரிதான். ரயில் எங்க?”

“நம்ம தீவுல எங்க சார் இருக்கு?”

அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் பதினைந்துக்குப் பன்னிரண்டு போட்டேன்.

மெட்ராஸில் பட்டம் வாங்கியும், ஹார்பருக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவே ரிக்‌ஷாவில் மட்டும் போய்வந்தவள் நான். உங்களில் ரயில் ஏறியவர்கள் சொல்லுங்கள், எவ்வளவு குறைத்திருக்க வேண்டும்?