படியேறும் லிஃப்ட் மெக்கானிக்

தோளில் கருவிப் பை தொங்க, மொட்டை மாடியிலுள்ள மோட்டார் அறையைப் பூட்டிவரப் படியேறிக்கொண்டிருக்கிறார் என் சகலை. பக்கத்திலேயே லிஃப்ட் ஓடுகிறது. சற்று முன்பு அவரே பழுது பார்த்து ஓடவிட்ட லிஃப்ட். படியில் இறங்கி வந்த பெண்மணி ஒருவர், "இன்னும் சரியாகலையா?" என்று கேட்கிறார். "ஜம்முனு ஓடுதும்மா, தைரியமா ஏறுங்க" என்கிறார் இவர், மூச்சிரைக்க. அந்தம்மாள் இவரை ஒரு பார்வை, லிஃப்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிலேயே இறங்கிப் போகிறார். ரிப்பேர் செய்தவரே ஏறாத லிஃப்டில் யார் ஏறுவார்கள்?

இந்தக் கோடைக்கு முன்பு வரை இவர் படி என்று ஒன்று இருப்பதையே மதிக்காதவர். முதல் மாடிக்கும் லிஃப்ட்தான். சாப்பாட்டிலோ சூரர். உறவில் யார் வீட்டு விருந்தானாலும், 'லிஃப்ட்காரர் சாப்பிட்டாச்சா?' என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பை அணைப்பார்கள். பந்தியில் அவருக்குப் பக்கத்து நாற்காலிக்கு நான் போட்டியே போட்டிருக்கிறேன். அவர் தட்டைப் பார்த்தால் என் தட்டு யோக்கியமாகத் தெரியும்.

அவருக்கு ஓர் அக்கா. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கிறார். தம்பியின் சிறுநீரகம் அவருக்குப் பொருந்துகிறது. ஆனால் இந்த உடம்பில் கத்தி வைக்க முடியாது, கோடை முடிவதற்குள் பதினைந்து கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். விஷயம் அவர் மனைவிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். என் மனைவியிடம்கூட நான் மூச்சு விடவில்லை. அதற்கு நான் பட்ட பாடு தனிக்கதை. அக்காவுக்கும் தெரியாது. 'கூடப் பொறந்தவன் உடம்ப அறுத்து எனக்கு ஆயுசு வேணாம்' என்று அவர் முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

"முதல்ல நான் தேறணும் சகலை" என்றார் இவர். "அப்புறம் அவகிட்ட சண்டை போட்டுக்கறேன். இப்பவே சொல்லி ஆசை காட்டிட்டு, எடை குறையலன்னா அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

எடை குறைக்க நினைப்பவனுக்கு எங்கள் குடும்பத்தைப் போல் ஒரு சத்துரு கிடையாது. கோடை வந்தால் ஞாயிறுதோறும் ஏரிக்கரை, கடற்கரை, பூங்கா என்று கிளம்பிவிடுவோம். தண்ணீரைப் பார்ப்பது கொஞ்சம், தின்பது மிச்சம். பொரித்த கோழி, கேக், ஐஸ்கிரீம், சோடா, அது செரிக்க இன்னொரு சோடா. வராமல் இருக்கவும் சகலைக்கு வழியில்லை. ஏனென்றால் இந்தப் பயணங்களில் பாதி அக்காவுக்காகத்தான். மரத்தடியில் உட்கார்ந்து நாலு முகத்தைப் பார்ப்பதுதான் அவருக்கு அந்த வாரத்தின் மருந்து. தம்பி வரவில்லையென்றால் அவரும் வரமாட்டார்.

ஆகவே சகலை ஒரு வித்தை கண்டுபிடித்தார். போய் இறங்கியதும் யாராவது ஒருவரின் கைக்குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். "கைல குழந்தை இருந்தா எவனும் தட்ட நீட்டமாட்டான் சகலை" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். குழந்தை தூங்கிவிட்டால் அடுப்பில் கரி விசிறப் போய்விடுவார். வேறு வழியே இல்லாதபோது, தட்டு நிறைய வெள்ளரியை அடுக்கி மேலே ஒரே ஒரு கோழித்துண்டை வைத்து, அதைத் தொடாமலே கடைசிவரை ஏந்திக்கொண்டு நடப்பார். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். இவருக்கு ஒன்றுகூடப் பறக்கவில்லை. நாங்கள் உண்ட மயக்கத்தில் மரத்தடியில் உருளும் வேளையில், ஏரியின் எதிர்க்கரையில் அவருடைய வெள்ளைத் தொப்பி மட்டும் வெயிலில் நகர்ந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் கேக் டப்பாவைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக் கண்மூடி நின்றவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். "வாசனைக்கு எடை கிடையாதுல்ல?" என்றார். நான் சிரித்துக்கொண்டே டப்பாவை வாங்கி மூடினேன். ஒரு மனிதனால் இப்படி இருக்க முடியுமா என்று எனக்கு இன்றைக்கும் பிரமிப்புத்தான்.

கோடையின் கடைசி ஞாயிறு. இன்னும் இரண்டு கிலோ பாக்கி. ஏரிக்கரையில் அக்கா தன் கையால் செய்த வெண்ணெய்க் கேக்கில் ஒரு துண்டு வெட்டித் தம்பியிடம் நீட்டினார். நோய்ப் பத்தியத்தால் அக்கா அதைத் தின்னக் கூடாது. தம்பி தின்பதைப் பார்க்கத்தான் அடுப்படியில் நின்று செய்திருந்தார்.

"அப்புறம் சாப்பிடறேன்க்கா."

"இந்த அப்புறம் எப்போ வரும்? கோடை முழுக்கப் பாத்துட்டேன். என் கையால ஒரு வாய் வாங்கல நீ." அக்காவின் குரல் இறங்கியது. "நோயாளி கைன்னு அருவருப்பா இருக்காடா?"

ஒரு துண்டுதானே, வாயில் போட்டுக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று தவித்தேன். அவர் போட்டுக்கொள்ளவில்லை. இடுப்பிலிருந்த குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, அக்காவின் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஊசி ஏறி ஏறிப் புடைத்துப்போன அந்தக் கையைக் கேக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"என் கிட்னி உனக்குச் சேருதாம். உடம்பக் குறைச்சாத்தான் எடுப்பாங்களாம். இன்னும் ரெண்டு கிலோக்கா."

அக்காவின் பார்வை தம்பியின் தொளதொளத்த சட்டையில் போய் நின்றது.

"உன்ன யாருடா கேட்டா?"

"நீ கேக்கமாட்டேன்னுதான் கேக்காமலே குடுக்கறேன்."

"முடியாதுன்னா என்ன பண்ணுவ?"

"இறங்கின எடைய என்ன பண்றதாம்? திரும்பியா ஏத்திக்க முடியும்?"

அக்கா கையை இழுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். தோள்கள் குலுங்கின. சம்மதமா, கோபமா என்று எங்களுக்குப் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒன்றும் அறியாத என் மனைவி ஐஸ்கிரீம் கிண்ணங்களோடு வந்து சேர்ந்தாள். "மாமா, இன்னிக்கு நான் விடறதா இல்ல!" என்று நிரம்பி வழிந்த ஒரு கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் வேண்டாமென்று வாய் திறப்பதற்குள், கண்ணைத் துடைத்த கையோடு அக்கா குனிந்து, அந்தக் கிண்ணத்தைத் தம்பிக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தார்.